பதினாலு மாதமாகக் கோயில் படி மிதிக்கவில்லை, இது பாவமா?

புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். சுருக்கம் இது.

வயது 43. பிறந்தது இந்துக் குடும்பத்தில், கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் வாங்கினார். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரே மகன், பிளஸ் ஒன். மாமியாருக்கு 76 வயது. சம்பா கோயில் (புதுச்சேரிக் கத்தோலிக்கப் பேராலயம்) விடியற்காலைப் பூசையைத் தவறவிடாதவர். பதினாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. நினைவு தெளிவாக இருக்கிறது. சர்க்கரையும் உண்டு. ஞாயிறு காலை போனில் நேரலைப் பூசை போட்டுக் கொடுக்கிறார்கள். அது முடிகிறவரை மாமியார் மாத்திரையும் தொட மாட்டார், இட்லியும் தொட மாட்டார். ஒரு ஞாயிறு வியர்த்துக் கொட்டி மயங்கியே விட்டார். இப்போது சாம்பல் புதன் நெருங்குகிறது, தவக்காலம் முழுக்க ஒருசந்தி (ஒரு வேளைச் சாப்பாடு மட்டும்) இருப்பேன் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா 'சாமியாரை வரச் சொல்லி எண்ணெய் பூசச் சொல்லலாமே' என்றதற்கு, 'என்னை அனுப்பி வைக்கப் பாக்குறீங்களா' என்று இரண்டு நாள் அழுதிருக்கிறார். மகன் கோயிலுக்குப் போவதில்லை, 'அதான் போன்லயே வருதே' என்கிறான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் நாத்தனாரோ 'நீ வந்தவதானே, எங்க பழக்கமெல்லாம் உனக்கு எங்க தெரியும்' என்று போனில் குத்துகிறார். வாசகியின் கேள்விகள் இரண்டு. நாங்கள் கோயிலுக்குப் போகாதது பாவமா? பிறவியில் வராத மரபை நான் எப்படி இந்த வீட்டில் காப்பாற்றுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'பாவம்' என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. 'தூக்கம்' ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'தூங்கி நாளாச்சு' என்று. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் பாவக் கணக்கைத் தீர்க்காமல் தூக்கத்தைப் பற்றிப் பேசினால் நீங்கள் காது கொடுக்க மாட்டீர்கள்.

நான் குடும்பநல ஆலோசகர், குருவானவர் இல்லை. ஆனால் கீழே சொல்லும் திருச்சபை விதிகள் எல்லாம் அச்சில் இருப்பவை. உங்கள் பங்கு (பகுதிக் கோயில்) சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூசைக் கடன் யாருக்கு?

ஞாயிறு பூசை காண்பது கத்தோலிக்கருக்குக் கடன். சரி. அந்தக் கடனை வைத்த அதே திருச்சபை, யாருக்கு அது இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. மறைக்கல்வி ஏட்டின் 2181ஆம் எண்ணில், தகுந்த காரணம் இருந்தால் கடன் இல்லை என்று சொல்லி, நோயையும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதையும் உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரை விட்டு நகர முடியாத நீங்களும் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள். ஆகவே உங்கள் அத்தைக்கும் பாவமில்லை, ஆள் துணை இல்லாத ஞாயிறுகளில் உங்களுக்கும் பாவமில்லை.

போனில் பார்த்தால் கடன் தீர்ந்தது என்கிறான் உங்கள் மகன். பார்க்காவிட்டால் கடன் நிற்கும் என்று பயப்படுகிறார் அத்தை. இரண்டுமே தப்பு. பூசை காண்பதென்றால் ஆள் அங்கே இருப்பது. அத்தைக்குக் கடனே இல்லை என்பதால் ஞாயிறு காலை கரண்ட் போய் நெட் அறுந்தாலும் ஒன்றும் குறையாது. மகனுக்குப் பதினாறு வயசு, இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. அவனுக்குக் கடன் உண்டு, போன் அதில் கழியாது.

1983ஆம் வருடத் திருச்சபைச் சட்டத்தில் 1248ஆம் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் உங்களுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறுக் கணக்கில் சேரும். கணவருக்கு ஞாயிறு ஷிப்ட் இருந்தால் இது உதவும். பூசைக்குப் போக முடியாத நிலை வந்தால் தனியாகவோ, குடும்பமாகவோ, சில குடும்பங்கள் சேர்ந்தோ செபிக்கும்படி அதே விதி வலியுறுத்துகிறது. 'சில குடும்பங்கள் சேர்ந்து' என்றால் நம் ஊர்ப் பேச்சில் அன்பியம். உங்கள் தெரு அன்பியக் கூட்டம் எந்தக் கிழமை, யார் வீட்டில் என்று எட்டுப் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. மாதம் ஒரு தடவை அதை அத்தையின் கட்டிலைச் சுற்றி வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். 'வீடு அலங்கோலமாக் கிடக்கு, எப்படிக் கூப்பிடறது' என்று தயங்குவீர்கள். அந்த அலங்கோலத்தைப் பார்த்தால்தான் அவர்களுக்கும் உங்கள் நிலைமை தெரியும்.

வெறும் வயிறும் ஒருசந்தியும்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. சர்க்கரை மாத்திரை சாப்பிடும் 76 வயதுக்காரர் காலையில் பட்டினி கிடக்கக் கூடாது. அன்றைக்கு வியர்த்து மயங்கியது பெரும்பாலும் சர்க்கரை இறங்கியதால்தான் இருக்கும். இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் அதைச் சொல்லி, எந்த மாத்திரை எந்த நேரம் என்று எழுதி வாங்குங்கள். இன்னொரு முறை அப்படி ஆனால், முழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டுமே சர்க்கரைத் தண்ணீர். அரை மயக்கத்தில் வாயில் ஊற்றினால் பக்கவாதம் வந்தவருக்கு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்போது 108ஐக் கூப்பிடுங்கள்.

அத்தை வீம்பு பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது நள்ளிரவுக்கு மேல் பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காமல் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கியவர்களின் வீட்டில் வளர்ந்தவர். 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். 1957இல் நள்ளிரவு என்பது மூன்று மணி நேரமானது, 1964இல் ஒரு மணி நேரமானது. சட்டம் இறங்கி வந்தது, அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது இறங்கவில்லை. இன்றைய 919ஆம் விதிப்படி முதியோர், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அந்த ஒரு மணி நேரமும் பார்க்க வேண்டியதில்லை. பார்த்துக்கொள்பவர் என்றால் நீங்கள். போனைப் பார்த்து அவர் செய்வது ஆன்மீக நற்கருணை, அதாவது அப்பம் வாங்காமல் மனதால் மட்டும் வாங்குவது. அதற்கு உபவாச விதியே கிடையாது.

ஒருசந்திக்கும் வயது வரம்பு உண்டு: 18இலிருந்து 59 முடியும் வரை. அத்தை அதைத் தாண்டிப் பதினேழு வருஷம் ஆகிறது. இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், 'உனக்கு எங்க தெரியும்' என்று நாத்தனாரின் வசனமே திரும்பி வரும். சாமியார் வாயால் வரட்டும். 'ஒருசந்திக்குப் பதிலாக நான் என்ன செய்யட்டும்' என்று அத்தையையே அவரிடம் கேட்க வையுங்கள். தவம் செய்ய நினைக்கும் மனுஷியிடம் 'உனக்கு ஒன்றும் தேவையில்லை' என்று முடித்துவிட்டால் கட்டிலோடு சேர்த்து அவரையும் ஒதுக்கி வைத்த மாதிரி ஆகிவிடும்.

'அவஸ்தை' என்ற பழைய பெயர்

சாமியார் எண்ணெய் எடுத்து வருகிறார் என்றாலே ஆள் முடிந்தது என்று நினைப்பது உங்கள் அத்தை மட்டுமில்லை. நம் பெரியவர்கள் அதற்கு வைத்திருந்த பெயரே அவஸ்தைப் பூசுதல். அவஸ்தை என்றால் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் நிலை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே இதை நோயில் பூசுதல் என்று சொல்வதுதான் பொருத்தம் என்றது. வியாதியாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே வாங்கலாம், குணமாகித் திரும்ப நோய் வந்தாலோ அதே நோய் முற்றினாலோ மறுபடியும் வாங்கலாம். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்திலும் 'நோயாளி மூப்பர்களை வரவழைக்கட்டும்' என்றுதான் இருக்கிறது. நோயாளியே கூப்பிட்டு அனுப்புகிறார் என்றால் அவர் பேசும் நிலையில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்!

பூசுதலில் தொடங்காதீர்கள். முதலில் நன்மை. பல பங்குகளில் மாத முதல் வெள்ளி அன்று நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை கொண்டு போகிறார்கள். சாமியார் வருவார், அல்லது அதற்கென நியமித்த சிஸ்டரோ பொதுநிலையினரோ வருவார்கள். பதினாலு மாதமாக உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். பங்கு அலுவலகத்தில் போய்ப் பெயர் கொடுத்தீர்களா என்று தேடித் தேடிப் படித்தேன், இல்லை. நெல்லித்தோப்பில் இருக்கும் நீங்கள் சம்பா கோயிலுக்குப் போய்ப் பழகியவர்கள், சொந்தப் பங்கில் உங்களை யாருக்கும் சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு போய், 'படுக்கையில் ஒருவர் இருக்கிறார், நன்மை வேண்டும், பாவசங்கீர்த்தனமும் செய்ய விரும்புகிறார்' என்று சொல்லிப் பெயரை எழுத வையுங்கள். யாருடைய தயவும் இல்லை, அது அவருடைய உரிமை.

வருகிற அன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல், மேலே வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), ஒரு டம்ளரில் தண்ணீர், ஸ்பூன். மெழுகுவர்த்தியைக் காற்று மெத்தைக்கும் கொசுவலைக்கும் எட்டத் தள்ளி வையுங்கள், எழுந்து ஓட முடியாதவர் படுத்திருக்கிறார். அப்பம் தொண்டையில் ஒட்டினால் இருமுவார். கடுகளவு துண்டாகக் கொடுத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் தரச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் திரு இரத்தம் (அர்ச்சித்த திராட்சை ரசம்) மட்டும் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் திண்டாடுவார்கள். இப்படி இரண்டு மூன்று முறை சாமியார் சும்மா வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போன பிறகு எண்ணெயைப் பற்றி அவரே பேச்செடுக்கட்டும்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்த பூசை

உங்கள் வீட்டுக்கு நான் வந்ததில்லை, ஆனால் இதே மாதிரி ஒரு வீட்டில் ஒரு ஞாயிறு முழுப் பூசைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறேன். போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். பெரியவர் ஒருக்களித்துப் படுத்தபடி பார்க்கிறார். அடுப்படியில் விசில் அடிக்கிறது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடிக்கப் போகிற நேரத்தில் நடுவில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டபடியே இருந்தார், விளம்பரத்தையும் சேர்த்து. வீட்டில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஏனென்றால் 'தாத்தாவுக்குப் பூசை போட்டாச்சு'.

போன் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2020இல் கோயில்கள் மூடிக் கிடந்தபோது அதுதான் கை கொடுத்தது. ஆனால் அதைப் போட்டுவிட்டதும் வேலை முடிந்தது என்ற நிம்மதி வீட்டுக்கும் வந்துவிடுகிறது, பங்குக்கும் வந்துவிடுகிறது. அப்புறம் ஆள் வருவது நின்றுவிடுகிறது. உங்கள் அத்தைக்குப் பதினாலு மாதமாக இல்லாமல் போனது திரையில் தெரிகிற பீடம் இல்லை. பூசை முடிந்து வாசலில் 'என்னம்மா, சுகமா' என்று கேட்கும் பத்துப் பேர்.

அதனால் மூன்று மாற்றம் செய்து பாருங்கள். போனுக்குப் பதில் மாதா தொலைக்காட்சியை டிவியில் போடுங்கள், அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். பூசை நேரத்தில் வீட்டில் ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து, எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பி, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பதில் சொல்லுங்கள். மூன்றாவது, ஞாயிறு கோயிலுக்குப் போய் வருகிற ஒருவர் நேராக அத்தையிடம் வந்து சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார், யார் யார் விசாரித்தார்கள், யாருக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் உங்கள் மகன். 'கோயிலுக்குப் போ' என்று பதினாறு வயதுப் பையனிடம் சொன்னால் போக மாட்டான். 'ஆயாவுக்குச் சேதி கொண்டு வா' என்றால் போவான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம்.

மரபு யாரிடம் இருக்கிறது?

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அத்தைக்காக மரபைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் எனக்குத் தெரியாதே என்று தவிக்கிறீர்கள். தலைகீழாகப் பாருங்கள். தெரிந்தவர் கட்டிலில் படுத்திருக்கிறார், அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.

பக்கவாதத்தில் பேச்சு குழறினாலும், சிறு வயதில் மனப்பாடமானவை பலருக்கு வழுக்கிக்கொண்டு வரும். எண்கள், கிழமைகள், பாட்டு, செபம். 'தண்ணி கொடு' என்று சொல்ல முடியாதவர் முழுப் பாட்டையும் பாடுவதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். 'அருள் நிறைந்த மரியே' வேண்டாம், அது அவருக்குப் பின்னால் வந்தது. 'பிரியதத்தத்தினாலே' என்று மட்டும் தொடங்கிவிட்டு நிறுத்துங்கள். 'பரமண்டலங்களிலே இருக்கிற' என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் முடிப்பார் என்றே நினைக்கிறேன். முடித்தால் அதை மகனை விட்டு ரெக்கார்ட் செய்யச் சொல்லுங்கள், போனுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஜெபமாலை சொல்லும்போதும் பழைய செபங்களை அவர் முன் சொல்லட்டும், நீங்கள் பின்னால் சொல்லுங்கள். 2002இல் ஜெபமாலைத் தியானங்களில் சேர்த்த ஒளியின் மறைபொருள்களை வேண்டுமானால் நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஐம்பத்து மூன்று மணியும் முடியாத நாளில் பத்து மணி போதும்.

வருஷத்துக்கும் இப்படி வேலை இருக்கிறது. மாதா படத்துக்குப் பின்னால் போன வருஷக் குருத்தோலைச் சிலுவை காய்ந்து கிடக்குமே, அதை எடுத்து அவர் இடது கையில் கொடுத்து, சாம்பல் புதனுக்கு முன் மகன் கையில் கோயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஓலையை எரித்துத்தான் சாம்பல் ஆக்குகிறார்கள் என்று பேரனுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது அவர். மே மாதம் மாதாவுக்கு என்ன பூ என்று தீர்மானிப்பது அவர். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு உப்பளத்தில் மாமனார் கல்லறைக்கு யார் போவது, எத்தனை மெழுகுவர்த்தி என்று கட்டிலில் இருந்தே உத்தரவு போடட்டும். குழறினாலும் போடுவார். மாமியார் ஆயிற்றே.

கோயிலைப் பார்க்கவே முடியாதா என்று அவர் ஏங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் சரி என்றால் முடியும். திருவிழாக் கூட்டத்தில் வேண்டாம். வில்லியனூர் லூர்து மாதாவிடமோ சம்பா கோயிலிலோ சாதாரண நாள் மத்தியானம், அரை மணி நேரம். மகன் முதலில் தனியாகப் போய் எத்தனை படி, சாய்தளம் எந்த வாசலில், ஆட்டோ எதுவரை வரும், வீல்சேரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்து வரட்டும். லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11ஐத்தான் 1993இலிருந்து உலக நோயாளர் தினமாகவும் வைத்திருக்கிறார்கள். அன்று நோயாளிகளுக்கு என்ன ஏற்பாடு என்று பங்கில் கேட்டு வையுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அத்தையின் சம்பா கோயில் கூட 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது இடிபட்டதுதான். இப்போது நிற்கும் கட்டடம் 1791இல் அர்ச்சிக்கப்பட்டது. நடுவில் முப்பது வருஷம். அத்தைக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

மீதிச் சங்கதிகள்

குணமாக்கும் ஜெபம் என்று ஒரு சானலுக்கு அத்தை சொல்லி மகன் மூவாயிரம் ரூபாய் ஜிபே செய்தது: அவனுக்குத் திட்டு வேண்டாம், இனி நூறு ரூபாய்க்கு மேல் அப்பாவிடம் கேட்டுவிட்டு அனுப்பட்டும். மருந்தை நிறுத்து, விதைக்காணிக்கை (பல மடங்காகத் திரும்பும் என்று கேட்கும் காணிக்கை) போடு என்று சொல்லும் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அதே பணத்தில் பங்கில் அத்தை பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுங்கள். பெயரை வாசிப்பார்கள், நாலு பேர் 'என்ன ஆச்சு' என்று விசாரிப்பார்கள்.

நாத்தனாரிடம் வாதாட வேண்டாம். ஞானஸ்நானம் வாங்கிய அன்றே 'வந்தவள்' கணக்கு முடிந்துவிட்டது, அதை அவருக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வேலையாகக் கேளுங்கள்: 'அண்ணி, மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் வந்து ஞாயிறு மாலை வரைக்கும் இருங்க. அம்மாவுக்கு உங்ககூட ஜெபமாலை சொல்லணும்னு ஆசை.' மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், முன்னே பின்னே. போனைக் கணவர் போட்டுக் கொடுக்கட்டும், அவருடைய அம்மா, அவருடைய அக்கா. கணவருக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிறில் அவர் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் வெளியே.

அந்த நேரத்தில் பூசைக்குப் போங்கள். அல்லது பூசை முடித்துக் கடற்கரையில் போய்ச் சும்மா உட்காருங்கள். ஐந்தாம் பக்கத்தில், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்பதாக எழுதிவிட்டு, 'அந்த நேரத்தில் செபம் கூட வரவில்லை, இதுவும் பாவமா' என்று கேட்டிருக்கிறீர்கள். அது பாவமில்லை, அலுப்பு. தூக்கமில்லாமல், அழுகை நிற்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் உங்களுக்காகவும் ஒரு டாக்டரைப் பாருங்கள். வெளியே கிளம்ப முடியாத இரவில் டெலி மானஸ் 14416க்குப் போன் செய்யலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அத்தைக்கு 'பிரியதத்தத்தினாலே' வந்ததா இல்லையா என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.